என்விரோதான் போட்டிக்குப் பணம் கட்டிப் பயிற்சி வேண்டுமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் செஸ்டர் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது) வசிக்கிறோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகளைப் பள்ளியின் என்விரோதான் (சுற்றுச்சூழல் அறிவுப் போட்டி) அணியில் சேர்த்திருக்கிறார்கள். காட்டுப் பக்கமே போகாமல் வளர்ந்தவள். இணையவழிப் பயிற்சி நிறுவனம் ஒன்று வினா வங்கி தருவதாகவும், மாநிலப் போட்டி வரை செல்வது உறுதி என்றும் சொல்லிப் பெரும் தொகை கேட்கிறது. கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். இந்தப் போட்டி 1979-இல் உங்கள் மாநிலத்தில்தான் தொடங்கியது. மண், நீர்வாழ் சூழல், காடு, வன உயிர்கள், ஆண்டுதோறும் மாறும் ஒரு நடப்புச் சிக்கல் என்று ஐந்து பகுதிகள் உண்டு. ஐந்து மாணவர்கள் கொண்ட அணி, திறந்தவெளியில் ஒவ்வோர் இடமாகச் சென்று, கூடிப் பேசி விடையளிக்கிறது. வினாக்களில் பல, அங்கே நிற்கும் மரத்தையும் அங்கே தோண்டிய குழியையும் வைத்துக் கேட்கப்படுபவை. வேறு மாநிலத்தின் பழைய வினாத்தாள்களைக் கோத்து விற்கும் வினா வங்கி, உங்கள் மகள் பார்த்திராத மரங்களின் பெயர்களைத்தான் மனப்பாடம் செய்ய வைக்கும்.

இத்தகைய விற்பனையாளர்களைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். அவர்கள் தரும் பாடக்குறிப்புகளில் பெரும்பகுதி அரசுத் துறைகள் இலவசமாக வெளியிட்டவை. அட்டையை மாற்றி விலை போட்டிருப்பார்கள். மாநிலப் போட்டிக்குச் செல்வது கவுண்டிப் போட்டியின் மதிப்பெண்ணைப் பொறுத்தது. அதை யாராலும் உறுதியளிக்க முடியாது. "கல்லூரிச் சேர்க்கைக்கு உதவும்" என்ற பேச்சு, பெற்றோரின் அச்சத்தைக் காசாக்கும் வேலை. அணியைப் பதிவு செய்ய இடைத்தரகர் எவரும் தேவையில்லை. பொறுப்பாசிரியர் கவுண்டியின் மண், நீர் பாதுகாப்பு அலுவலகத்தை நேரடியாகத் தொடர்பு கொண்டால் போதும். பிலடெல்பியா நீங்கலாக மற்ற 66 கவுண்டிகளிலும் அப்படி ஓர் அலுவலகம் இருக்கிறது.

தரகர்களுக்கு இடம் கொடுத்தது நம் கல்வி அமைப்பே என்பதையும் மறைப்பதற்கில்லை. படிக்க வேண்டியவை பல துறைகளின் தளங்களில் சிதறிக் கிடக்கின்றன. பொறுப்பாசிரியர் தம் சொந்த நேரத்தைச் செலவழித்துத்தான் அவற்றைத் திரட்டுகிறார். விளையாட்டு அணிக்குத் தயங்காமல் பேருந்து அனுப்பும் பள்ளிகள், ஐந்து பிள்ளைகளை ஓடைக்கு அழைத்துச் செல்ல யோசிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் மகளுக்குத் தேவை கைப்பழக்கம். வீட்டுத் தோட்டத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து, நீர் விட்டுப் பிசைந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடா போல் தள்ளச் சொல்லுங்கள். ஓர் அங்குலத்துக்குள் அறுந்தால் மணலும் வண்டலும் களியும் கலந்த இலகு மண்; இரண்டு அங்குலத்துக்கு மேல் நீண்டால் களிமண். குழியில் சாம்பல் நிறமும் துருநிறப் புள்ளிகளும் கலந்து தெரிந்தால், அங்கே ஆண்டின் ஒரு பகுதியில் நீர் தேங்குகிறது என்று பொருள். மரத்தின் விட்டத்தைத் தரையிலிருந்து 4.5 அடி உயரத்தில் அளக்க வேண்டும். சரிவில் நிற்கும் மரமென்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து அந்த உயரத்தைக் கணக்கிட வேண்டும்.

ஓடைப் பூச்சிகளில் பல அணிகள் சறுக்குவதால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். தூய நீரின் அடையாளங்களான மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை இரண்டின் இளம்பூச்சிகளையும் பிரித்தறிய, "மூன்று வால் என்றால் மேஃபிளை, இரண்டு வால் என்றால் ஸ்டோன்ஃபிளை" என்று எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். பெரும்பாலும் இது சரிதான். ஆனால் விரைந்தோடும் ஓடைகளில் கற்களோடு ஒட்டி வாழும் எபியோரஸ் என்ற மேஃபிளை இனத்துக்கு இரண்டே வால்கள். தவிர, பிடிக்கும்போது ஒரு வால் ஒடிந்தும் போயிருக்கலாம். எனவே வாலை நம்பாமல் வயிற்றைப் பாருங்கள்: வயிற்றின் இருபுறமும் இலை போன்ற செவுள்கள் வரிசையாக இருந்தால் அது மேஃபிளை. உறுதிப்படுத்திக்கொள்ள உருப்பெருக்கியில் கால் நுனியைப் பாருங்கள். மேஃபிளைக்கு ஒற்றை நகம், ஸ்டோன்ஃபிளைக்கு இரட்டை நகம். வெள்ளைத் தட்டில் சிறிது நீர் விட்டு அதில் பூச்சியை விட்டால் செவுள்கள் அசைவதைக் காணலாம்; பார்த்து முடிந்ததும் ஓடையிலேயே விட்டுவிட வேண்டும்.

அணியில் ஆளுக்கொரு பகுதியில் தேர்ச்சி பெறட்டும். ஆனால் ஒவ்வொருவரும் இரண்டாவதாக இன்னொரு பகுதியையும் கற்றிருக்க வேண்டும். போட்டி நாளில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்தப் பகுதியே கைவிட்டுப் போகக் கூடாது.

இந்த வாரமே பொறுப்பாசிரியர் மூலம் கவுண்டி அலுவலகத்துக்கு மூன்று கேள்விகளை அனுப்பச் சொல்லுங்கள்: இவ்வாண்டின் நடப்புச் சிக்கல் என்ன, படிக்க வேண்டிய பட்டியல் எங்கே கிடைக்கும், மாணவர்களுக்குக் களப்பயிற்சி நாள் ஏதேனும் உண்டா. அந்த நிறுவனத்துக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், அதைத் திருப்பித் தருமாறு தொலைபேசியில் பேசாமல் எழுத்துமூலம் கேளுங்கள்.