ஓபரா மேடைக்குப் போகிறேன் என்கிறாள் மகள்: கலங்கும் ஓர் அம்மாவுக்கு

அம்மா, பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்குகிற பெண், லண்டன் டிரினிட்டி இசைத் தேர்வில் பாட்டுக்கு எட்டாம் கிரேடு முடித்தவள், போன வருஷம் மும்பைக்கு வந்த ‘தி ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா’ நாடகத்தைப் பார்த்ததிலிருந்து “எனக்கு அந்த மேடைதான்” என்று ஒரே பிடியாக நிற்கிறாள், இவள் மனசை மாற்ற வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றுவதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அந்த மேடையில் எந்த வேலை வேண்டும் என்று அவளிடம் யாராவது கேட்டீர்களா? பாடகி என்ற ஒரே வேலைதான் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது, அவள் கண்ணுக்கும் அதுதான் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

நியூயார்க்கின் மஜெஸ்டிக் தியேட்டரில் இந்த நாடகம் 1988 ஜனவரியில் தொடங்கி 2023 ஏப்ரல் 16 வரை 13,981 காட்சிகள் ஓடியது. அங்கே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இதை நம்பிச் சம்பளம் வாங்கினார்கள். மேடையில் முகம் தெரிகிறவர்கள் நாற்பதைத் தாண்டமாட்டார்கள், இசைக்குழுவில் 27 பேர், மீதிப் பேர் எல்லாம் திரைக்குப் பின்னால். முகமூடி நடனக் காட்சியில் படிக்கட்டு முழுக்கக் கூட்டம் நிற்குமே, அதில் பல உருவங்கள் உடை மாட்டிய பொம்மைகள்தான். அந்த உடைகளையும் செட்டையும் வடிவமைத்தவர் மரியா பியோர்ன்சன் என்ற பெண், அதற்கு முன்பே பல ஓபராக்களுக்கு வேலை செய்தவர். செட்டுக்கு ஒன்று, உடைக்கு ஒன்று என 1988ல் அமெரிக்க நாடக உலகின் டோனி விருதுகள் இரண்டு வாங்கினார்.

உங்கள் மகளின் படிப்பையும் பயிற்சியையும் பார்த்தால் எனக்கு உடனே தோன்றுவது ஸ்டேஜ் மேனேஜர் வேலை. மேடை ஓரத்தில் ஒரு மேஜை, சின்ன விளக்கு, இசை நடத்துனரைக் காட்டும் ஒரு மானிட்டர், காதில் ஹெட்செட், எதிரே திறந்து வைத்த இசைத்தாள். அதில் எந்த ஸ்வரத்தில் விளக்கு மாற வேண்டும், எந்த இடத்தில் செட் நகர வேண்டும், மேலே தொங்கும் சாண்ட்லியர் விளக்கு எப்போது இறங்க வேண்டும் என்று பென்சிலால் குறித்திருக்கும். “ஸ்டாண்ட்பை” என்று முன்கூட்டியே எச்சரித்து, சரியான அந்த நொடியில் “கோ” என்று சொன்னால்தான் எதுவும் அசையும். நடிகர் ஒரு வரியை விட்டுவிட்டாலும் சமாளித்துப் பாடிவிடலாம், ஆனால் மேல்தளத்திலிருந்து கனமான செட் இறங்கும்போது கீழே ஆள் நிற்கிறாரா என்று பார்க்காமல் “கோ” சொல்ல முடியாது. பிரிட்டனில் பெரும்பாலும் டெபுட்டி ஸ்டேஜ் மேனேஜர் என்பவர்தான் இதைச் செய்வார். சாதாரண நாடகத்துக்கு வசனப் பிரதியே போதும். ஓபராவுக்கு இசைத்தாள் படிக்கத் தெரியாதவரை அந்த மேஜையில் உட்காரவைக்கமாட்டார்கள். உங்கள் மகளுக்கு அது ஏற்கெனவே தெரியும். இத்தனை வருஷம் பாட்டு கிளாஸுக்குக் கட்டிய ஃபீஸ் வீணாகிவிடுமோ என்று எழுதியிருந்தீர்களே, நிச்சயம் வீணாகாது.

பியானோவும் நன்றாக வாசிப்பாள் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. ஓபரா ஒத்திகையில் முழு இசைக்குழுவும் வாரக்கணக்கில் உட்காராது, ஒரே ஒரு பியானோக்காரர் மொத்த இசையையும் வாசித்துப் பாடகர்களைத் தயார்படுத்துவார். ரெபெடிட்டர் என்பார்கள். லண்டனின் நேஷனல் ஓபரா ஸ்டுடியோ பாடகர்களோடு இவர்களுக்கும் தனியாகப் பயிற்சி தருகிறது.

சரி, பாடத்தான் வேண்டும் என்கிறாளா? அப்படியானால் அவள் பார்த்தது பாட்டும் வசனமும் நடனமும் கலந்த மியூசிக்கல், மேற்கத்தியச் செவ்வியல் இசை நாடகமான ஓபரா அல்ல என்பதைப் புரியவையுங்கள், ஏனென்றால் தொண்டைக்கு இரண்டும் வேறு வேறு வேலை. மியூசிக்கலில் விக்குக்குள் மைக் ஒளிந்திருக்கும், வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். இந்த நாடகத்தின் நாயகி கிறிஸ்டீன் வேடத்தின் பாட்டுச் சுமை அதிகம் என்பதால் வாரத்தில் சில காட்சிகளை மாற்றுப் பாடகி ஒருவர் செய்வார். அது போக, முக்கிய நடிகர் வரமுடியாதபோது அந்த வேடத்தை ஏற்கத் தயாராக இருக்கும் அண்டர்ஸ்டடிகள் உண்டு. ஐந்தாறு பேருடைய இடங்களையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே இறங்குகிற ஸ்விங்குகளும் உண்டு. ஓபராவில் மைக் கிடையாது, அதனால் பெரிய வேடக்காரர்கள் அடுத்தடுத்த இரவுகளில் பாடுவதைத் தவிர்ப்பார்கள். அந்தக் குரல் முழுதாக முதிர இருபதுகளின் பிற்பகுதி ஆகிவிடும். பதினேழு வயதில் கனமான ஏரியாக்களை, அதாவது ஓபராவின் தனிப்பாடல்களை, கத்திப் பாடவைக்கிற ஆசிரியர் கிடைத்தால் தயவுசெய்து ஆசிரியரை மாற்றிவிடுங்கள்.

நாயகி வேடம் கிடைக்காவிட்டால் வாழ்க்கையே போச்சு என்றும் இல்லை. ஜார்ஜ் லீ ஆண்ட்ரூஸ் என்ற நடிகர் நியூயார்க்கில் இதே நாடகத்தில் 23 வருஷம், 9,382 காட்சிகள், துணை வேடங்களில் நடித்துக் கின்னஸில் இடம்பிடித்தார். அவருக்கும் 2011ல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இதை மறைக்க எனக்கு மனமில்லை, இந்தத் தொழிலில் நிரந்தரம் என்று ஒன்று கிடையாது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து தியேட்டர்கள் மூடியபோது எல்லோருக்கும் வேலை போனது, 2021ல் லண்டனில் இந்த நாடகம் மறுபடி தொடங்கியபோது 27 பேர் இருந்த இசைக்குழு 14 ஆகக் குறைந்திருந்தது. விளக்கு, ஒலி, ஆட்டோமேஷன் (செட்டை இயந்திரத்தால் நகர்த்துவது), விக், உடை கற்றவர்களுக்கு ஒரு நாடகம் மூடினாலும் கச்சேரி, கார்ப்பரேட் விழா, சினிமா, டிவி என்று போக இடமிருக்கிறது. அதனால்தான் திரைக்குப் பின்னால் உள்ள வேலைகளை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

படிப்பு விஷயம். லண்டனில் கில்ட்ஹால், ராடா என்ற இரண்டு கல்லூரிகளிலும் ஸ்டேஜ் மேனேஜ்மென்ட், தொழில்நுட்பப் படிப்புகள் இருக்கின்றன. அமெரிக்காவில் யேல் நாடகப் பள்ளி 2021 முதல் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை, ஆனால் அங்கே போட்டி கடுமை. சென்னையில் கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியில் மேற்கத்தியப் பாட்டு கற்கலாம். வீட்டை அடமானம் வைத்து இளங்கலைக்கே வெளிநாடு அனுப்புவதை நான் ஆதரிக்கமாட்டேன். இங்கே ஒரு டிகிரி முடிக்கட்டும், பாட்டை விடாமல் பயிற்சி செய்யட்டும், வெளிநாடு முதுகலைக்கு இருக்கட்டும். அப்போதும் விசா விதியை அந்த வருஷத்து நிலவரப்படி பார்த்துவிட்டுத்தான் கடன் வாங்க வேண்டும்.

தேர்வு முடிந்ததும் ஏதாவது ஒரு நாடகக் குழுவில் திரைக்குப் பின்னால் வேலைக்கு அனுப்புங்கள். முதலில் டீ வாங்கிவரச் சொல்வார்கள், சாமான் தூக்கச் சொல்வார்கள், ராத்திரி பதினொரு மணி ஆகும். அதற்கு அவள் அப்பா சம்மதிக்க வேண்டும், முதல் சில நாள் அவரே போய் அழைத்துவரட்டும். அங்கே தான் போட்ட கியூ ஷீட் (எது எப்போது மாற வேண்டும் என்ற குறிப்பு), பொருள் பட்டியல், எடுத்த போட்டோ எதையும் தூக்கிப்போடாமல் ஒரு ஃபைலில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், பின்னால் இந்தப் படிப்புகளின் நேர்காணலில் மார்க் ஷீட்டைவிட அதைத்தான் அதிக நேரம் புரட்டுவார்கள்.