விதைக்காமலே முளைத்த பூசணி: வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: சமையலறைக் கழிவை மக்கவைத்த எருவைத் தோட்டத்துப் பாத்தியில் பரப்பியிருந்தேன். இரண்டு வாரங்களில் பாத்தியின் ஒரு மூலையில் பதினைந்துக்கும் மேற்பட்ட பூசணி நாற்றுகள் கூட்டமாக முளைத்துவிட்டன. நான் விதை போடவே இல்லை. பிடுங்கி எறிய மனம் வரவில்லை. இவற்றை வளர்த்தால், நாங்கள் வாங்கிச் சமைத்த அதே காய் காய்க்குமா? எத்தனை செடிகளை விட்டுவைக்கலாம்?

பதில்: எறிய வேண்டாம். நாம் விதைத்ததைவிடத் தானாக முளைத்த பூசணி பெரும்பாலும் திடமாகவே வளர்கிறது. ஏனென்றால் ஈரமும் வெப்பமும் தனக்கு ஒத்துவந்த வேளையில்தான் அது முளைத்திருக்கிறது. குழம்புக்கு நறுக்கியபோது வழித்துப் போட்ட சதையோடு விதைகள் சேர்ந்தே குப்பைக்குழிக்குப் போயிருக்கும். குழியின் நடுவில் சூடு அறுபது பாகை செல்சியசை ஒட்டி ஏறிச் சில நாட்களாவது நீடித்தால்தான் விதைகள் சாகும். வீட்டுக் குழிகளில், அதிலும் ஓரங்களில், அந்தச் சூடு பெரும்பாலும் எட்டுவதில்லை.

முளைத்தது பூசணிதானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வெள்ளரி, பீர்க்கு, சுரை ஆகியவற்றின் விதையிலைகளும் ஏறக்குறைய இதே நீள்வட்ட வடிவில்தான் இருக்கும். எப்படியும் களையப்போகும் நாற்றுகளில் ஒன்றை ஈர மண்ணோடு மெல்லப் பெயர்த்துப் பாருங்கள். தண்டும் வேரும் சேரும் இடத்தில், ஒரு பக்கமாக, சிறிய குதிகால் போன்ற ஒரு புடைப்பு தெரியும். இது வெள்ளரி முதலிய இக்குடும்பத்து நாற்றுகளிலும் உண்டு என்பதால், இதை மட்டும் வைத்துப் பூசணி என்று முடிவுசெய்ய முடியாது. முளைக்கும்போது விதையோட்டின் ஒரு விளிம்பை இந்தப் புடைப்பு மிதித்துப் பிடித்துக்கொள்ள, இலைகள் ஓட்டிலிருந்து உருவிக்கொண்டு மேலே வருகின்றன. வெளிறிய ஓடு அருகிலேயே மண்ணில் கிடந்தால், அதன் அளவையும் தடித்த விளிம்பையும் பார்த்தே பூசணி என்று சொல்லிவிடலாம்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். அதே காய் காய்க்கும் என்று உறுதி கூற முடியாது. நீங்கள் சமைத்த காய் வீரிய ஒட்டு ரகமாக இருந்திருந்தால், அதன் விதைகளிலிருந்து வரும் செடிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்ட காய்களைத் தரும். நாட்டு ரகமாகவே இருந்தாலும், அந்தக் காய் பிடித்த நாளில் எந்தப் பூவின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்தது என்பதைப் பொறுத்து விதையின் குணம் மாறியிருக்கும். பக்கத்தில் வேறு ரகக் கொடி இருந்தால் இந்த ஆண்டுக் காயின் சுவையே கெட்டுவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையில்லை. கலப்பு காயின் சதையைத் தொடுவதில்லை; உள்ளே இருக்கும் விதையில்தான் அது தங்கி, அடுத்த தலைமுறையில் வெளிப்படுகிறது. உங்கள் பாத்தியில் நிற்பது அந்த அடுத்த தலைமுறை.

இதனால் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அழகுக்காக வளர்க்கப்படும் சிறு பூசணி வகைகளோடு கலந்த விதையிலிருந்து வரும் காயில், குகர்பிட்டசின் என்னும் கசப்பு நச்சு மிகுந்திருக்கக்கூடும். சமைத்தாலும் அது அழிவதில்லை; கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். 2015-இல் ஜெர்மனியில், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்பான சீமைச் சுரைக்காயைச் சமைத்து உண்ட முதியவர் ஒருவர் உயிரிழந்தார். அதுவும் பூசணிக் குடும்பத்துக் காய்தான். ஆகவே, முதல் காயை அறுத்ததும் பச்சையாக ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுங்கள். கசந்தால் அந்தக் காயை மட்டுமல்ல, கொடியையே அகற்றிவிட வேண்டும். மசாலாவில் கசப்பை மறைத்துவிடலாம் என்று எண்ணவே கூடாது.

பதினைந்தில் இரண்டை விட்டுவைத்தால் போதும். ஒரு கொடி நான்கைந்து மீட்டர்கூட ஓடும் என்பதால், இரண்டுக்கும் நடுவே இரண்டு மீட்டராவது இடைவெளி வேண்டும். வேண்டாதவற்றைக் கையால் இழுத்தால், பின்னிக் கிடக்கும் வேர்கள் நல்ல செடியையும் அசைத்துவிடும். கத்தரியால் தரைமட்டத்தில் நறுக்கிவிடுங்கள். மாற்றி நடுவதாக இருந்தால், விதையிலைகளுக்கு அடுத்து வரும் முதல் உண்மையிலை விரியும் பருவத்திலேயே, மாலை வேளையில், வேரைச் சுற்றியுள்ள மண் உதிராமல் பெயர்த்து நட வேண்டும். அதற்குப் பிறகு வேரைத் தொடுவதைப் பூசணி பொறுப்பதில்லை.

கேள்வி: சென்ற முறை இப்படி முளைத்த கொடி ஒன்று தோட்டம் முழுவதும் படர்ந்தது, பூத்த பூவெல்லாம் உதிர்ந்தது. பிறகு பிடித்த ஓரிரு பிஞ்சுகளும் மஞ்சளாகி அழுகின. குறை எதில்?

பதில்: முதலில் உதிர்ந்தவை ஆண் பூக்களாகவே இருக்கும். பூசணியில் ஆண் பூக்கள் முதலில் பூத்து உதிர்வதும், ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பெண் பூக்கள் வருவதும் இயல்பு. நீண்ட மெல்லிய காம்போடு நிற்பது ஆண் பூ. இதழ்களுக்குக் கீழே குட்டிப் பூசணி போன்ற பிஞ்சோடு இருப்பது பெண் பூ. பிஞ்சு மஞ்சளாகி அழுகியதற்கு, மகரந்தம் போதிய அளவு சேராததே பெரும்பாலும் காரணமாக இருக்கும். பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்தாக வேண்டும். வராவிட்டால் நீங்களே செய்யலாம்: காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்தெறிந்துவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத் தண்டை அன்று விரிந்த பெண் பூவின் சூலகமுடியில் எல்லாப் பக்கமும் படும்படி மெல்லத் தடவுங்கள். மகரந்தம் மஞ்சள் பொடியாக ஒட்டிக்கொள்வது கண்ணுக்கே தெரியும். பலன் மூன்று நான்கு நாட்களில் பிஞ்சின் பருமனில் தெரிந்துவிடும்.

எருக்குவியலின் மேலேயே வளர்ந்த கொடியாக இருந்தால், தழைச்சத்து மிகுந்து இலை மட்டுமே செழித்திருக்கவும் கூடும். அத்தகைய கொடிக்கு மேலும் எரு இடாதீர்கள்.