தாடி ஓணானுக்கு ஒரு வீடு: கேள்வி பதில்

பியர்டட் டிராகனை எங்கள் வீட்டில் தாடி ஓணான் என்றுதான் சொல்வோம். அதுவும் ஓணான் குடும்பம்தானே. மெல்பர்னில் சில வருடங்களாக வளர்க்கிறேன். வந்த கேள்விகளில் சில:

அண்ணா, குட்டிதானே, இரண்டடி மீன் தொட்டி போதாதா?

சில மாதங்களுக்குப் போதும். வருடம் திரும்புவதற்குள் வாலோடு சேர்த்து ஒன்றரை அடியைத் தொட்டுவிடும். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்று முதலிலேயே வாங்கிவிட்டால் இரண்டாவது செலவு மிச்சம். நீளம் இருந்தால்தான் ஒரு முனை அனலாகவும் மறுமுனை குளுமையாகவும் இருக்கும். சூட்டு பல்புக்குக் கீழே வெயில் காயும் கல் 40 டிகிரி, மறுமுனை 25 டிகிரி. இரவில் வீடு 18 டிகிரிக்குக் கீழே போகாவிட்டால் சூடு எதுவும் வேண்டாம்.

கல்லில் உட்கார்ந்து வாயைப் பிளந்தபடியே இருக்கிறது. நோயா?

இல்லை, கூடுதல் சூட்டை வெளியே விடுகிறது. குளிர்ந்த முனைக்குப் போன பிறகும் வாயை மூடவில்லை என்றால் தொட்டி முழுக்கவே சூடாகியிருக்கலாம், நோயாகவும் இருக்கலாம்.

ஜன்னலோரம் வைத்தால் வெயில் படுமே, யுவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கு எதற்கு?

நான் செய்த தப்பும் இதேதான். ஜன்னல் கண்ணாடி சூட்டை விடும், யுவிபியைத் தடுத்துவிடும். யுவிபி இல்லாவிட்டால் உடம்பில் விட்டமின் டி3 ஊறாது, தின்னும் கால்சியம் எலும்பில் சேராது. என் முதல் ஓணான் ஒருநாள் வெட்டுக்கிளியைக் கவ்வியது, மெல்ல முடியாமல் துப்பியது. கீழ்த்தாடையை விரலால் தொட்டேன், ரப்பர் போல வளைந்தது. "இந்த பல்பே போதும்" என்று கடையில் கொடுத்தது வெறும் சூட்டு பல்பு.

12 சதவீத யுவிபி என்று போட்ட, டி5 என்ற மெல்லிய குழல் விளக்கு வாங்குங்கள், தொட்டி நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கட்டும். வலைமூடிக்கு மேலே வைத்தால் வலையே ஒரு பங்கைத் தின்றுவிடும். உள்ளே மாட்டினால் ஓணானின் முதுகுக்கு ஒன்றேகால் அடியாவது மேலே இருக்க வேண்டும். நாள் போகப் போக வெளிச்சம் அப்படியே இருக்கும், யுவிபி மட்டும் குறைந்துகொண்டே வரும். மாட்டிய தேதியைக் குழலின் ஓரத்தில் மார்க்கரால் எழுதிவையுங்கள், வருடம் ஒருமுறை மாற்றுங்கள்.

பாலைவனப் பிராணிக்கு மணல் போடலாமா?

குட்டிக்கு வேண்டாம். இரையோடு விழுங்கினால் குடலை அடைக்கும். சொரசொரப்பான தரை ஓடு போதும், நகமும் தேயும்.

துணைக்கு இன்னொன்று விடலாமா அண்ணா?

வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்று படுத்திருப்பதைப் பாசம் என்று படம் எடுத்து அனுப்புகிறீர்கள். மேலே இருப்பது வெயிலைப் பிடுங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

மில்துரா ஊரில் எங்கள் வேலிக்கம்பத்தில் ஒன்று தினமும் வெயில் காய்கிறது. பிடித்து வளர்க்கலாமா?

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, சாட்சாத் அதுதான்! காட்டிலிருந்து பிடிப்பது இங்கே குற்றம். கடையில் வாங்கினாலும் நம் விக்டோரியா மாநிலத்தில் உரிமம் வேண்டும். அது கம்பத்திலேயே இருக்கட்டும். நீங்கள் முதலில் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள், தொட்டியை அப்புறம் பார்க்கலாம்.