ஸ்கேனில் தெரியாத நோய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தங்கை ஓராண்டாக மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை பெற்றுவருகிறாள். விடாத தலைவலியும் இருந்ததால் மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். எல்லாம் இயல்பாக இருப்பதாக அறிக்கை வந்தது. அதைப் பார்த்த அவளுடைய மாமனார், “மூளையில்தான் ஒன்றுமில்லையே, பிறகெதற்கு மாத்திரை?” என்கிறார். மனச்சோர்வில் மூளை சுருங்கும் என்று நான் படித்திருக்கிறேன். அப்படியானால் அறிக்கை தவறா, அல்லது அவளுக்கு நோயே இல்லையா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

அறிக்கையும் தவறில்லை, உங்கள் தங்கையின் நோயும் பொய்யில்லை. நீங்கள் படித்ததிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அது பலருடைய மூளைகளை அளந்து சராசரி கண்டபோது தெரியவந்த உண்மை. தனி ஒருவரின் ஸ்கேனில் அதைத் தேடுவதில் பொருளில்லை.

1996இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் யெவெட் ஷெலைன் குழுவினர், மனச்சோர்விலிருந்து மீண்டிருந்த 10 பேரை நோய் வராத 10 பேரோடு ஒப்பிட்டு, முன்னவர்களின் ஹிப்போகாம்பஸ் சிறியதாக இருப்பதைக் காட்டினர். நினைவுகளைப் பதிவதிலும், மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் என்னும் ஹார்மோனைக் கட்டுக்குள் வைப்பதிலும் பங்குள்ள பகுதி அது. நோயோடு கழித்த நாட்கள் கூடக் கூட அதன் அளவு குறைந்திருந்ததால், இந்த ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. நீண்ட நாள் மிகுந்திருக்கும் கார்டிசால் வகை ஹார்மோன் அங்குள்ள நரம்பணுக்களின் கிளைகளைக் குறுகச் செய்வது எலிகளில் முன்பே காணப்பட்டிருந்தது. கார்டிசால் மிகைப்படும் குஷிங் நோயாளிகளிடம், சிகிச்சைக்குப் பின் ஹிப்போகாம்பஸ் ஓரளவு மீண்டும் பெருத்ததும் பதிவாகியிருக்கிறது. ஆகவே ‘சுருக்கம்’ என்றவுடன் மூளை அழிந்துபோவதாக அஞ்ச வேண்டியதில்லை. சிலருக்குச் சிறிய ஹிப்போகாம்பஸ் நோய்க்கு முன்பே அமைந்திருக்கவும் கூடும். எது முன், எது பின் என்பது இன்னும் தீராத வழக்கு.

இருபது பேரை வைத்துச் சொன்னது ஆயிரக்கணக்கானவர்களிடம் எவ்வளவு நிற்கும்? மூளை ஸ்கேன்களை ஆராயும் எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 1,728 நோயாளிகளையும் 7,199 நலமானவர்களையும் ஒப்பிட்டு 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஹிப்போகாம்பஸின் சராசரி வேறுபாடு 1.24 சதவீதம்தான். முதன்முறையாக நோய் கண்டவர்களிடம் அதுவும் தென்படவில்லை. நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களிடமும், 21 வயதுக்குள் தொடங்கியவர்களிடமுமே தெரிந்தது. ஒரு பக்க ஹிப்போகாம்பஸ் ஏறத்தாழ மூன்று, நான்கு கன சென்டிமீட்டர் இருக்கும் என்பதால், இந்த வேறுபாடு ஒரு சொட்டு நீரளவுக்கு மேல் வராது. நோயே இல்லாத இருவருக்கிடையே இதைப்போலப் பல மடங்கு வித்தியாசம் சாதாரணமாக இருக்கும்.

ஜெர்மனியில் 1,809 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது. மூளையின் அமைப்பு, செயல்பாடு ஆகியவற்றின் எந்த ஓர் அளவை எடுத்துக்கொண்டாலும், நோயாளிகளின் அளவுகளும் நலமானவர்களின் அளவுகளும் 87 முதல் 95 சதவீதம் வரை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தே கிடந்தன. மிகுந்த வேறுபாடு காட்டிய அளவுகளை வைத்து இன்னார் நோயாளி என்று கணித்தாலும் 54 முதல் 56 சதவீதமே சரியாக வந்தது. நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும். பத்திரிகைகளில் சிவப்பும் மஞ்சளுமாக வரும் மூளைப் படங்கள் பெரும்பாலும் இத்தகைய குழுச் சராசரிகளுக்குக் கணினி பூசிய வண்ணங்கள். அவற்றை ஒரு மனிதரின் மூளைபோல அச்சிடுவதை நிறுத்தினாலே பாதிக் குழப்பம் தீரும் என்பது என் எண்ணம்.

உங்கள் தங்கைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தது மனச்சோர்வைக் கண்டறிய அல்ல. தலைவலிக்குக் கட்டியோ இரத்தக்கசிவோ காரணமாக இருக்கிறதா என்று பார்க்கவே மருத்துவர் அதைக் கேட்டிருப்பார். அப்படி எதுவும் தென்படவில்லை என்பதே அந்த அறிக்கை சொல்லும் நல்ல செய்தி. மனச்சோர்வை மருத்துவர் கண்டறிவது, குறைந்தது இரண்டு வாரம் நீடிக்கும் துயரம், எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெடுதல், தன்னையே பழித்துக்கொள்ளுதல் போன்றவற்றைக் கேட்டறிந்துதான். அவளுடைய மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, தங்கைக்குச் சம்மதமென்றால், அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அறிக்கையைக் காரணம் காட்டி மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் போன்ற தொல்லைகளோடு நோயும் திரும்பக்கூடும். இடையில் அவள் மிகவும் தளர்ந்துபோனாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று பேசினாலோ, அவளைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவிலும் பேசலாம்.