இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு அரியலூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் கோவையில் பொறியியல் சேர்ந்தேன். கல்லூரி, விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது.

முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர். பிளஸ் டூ கணக்கில் 91 வாங்கியவள் நான். இங்கே ஒரு ஆங்கில வார்த்தைக்கு அர்த்தம் யோசிப்பதற்குள் போர்டை அழித்துவிடுகிறார்கள். எழுந்து சந்தேகம் கேட்க வாய் வரவில்லை. நிம்மதியாக எழுதிய ஒரே பரீட்சை ‘தமிழர் மரபு’தான்.

அறையில் என்னோடு மூன்று பேர். பேசிக்கொள்வோம், ஆனால் தோழிகள் என்று சொல்ல முடியாது. அடுத்த வருடம் அறையும் மாறிவிடும். வகுப்பில் எல்லோரும் ஊட்டிக்குப் போகிறார்கள், நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அரியர் விஷயம் அப்பாவுக்குத் தெரியாது. அவர் கொத்தனார். வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார். முதல் வருடம் வீணாகிவிட்டது. இன்னும் ஐந்து வாரத்தில் பரீட்சை முடிந்துவிடும். அதுவரை நாளை எண்ணிக்கொண்டு கிடப்பதைத் தவிர என்ன செய்ய?

— ஒரு வாசகி

அன்பு மகளுக்கு,

எதுவும் வீணாகவில்லை என்று சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த மாட்டேன். கொஞ்சம் போனது போனதுதான். ஆனால் நாளை எண்ணிக்கொண்டு கிடப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

1993-ல் டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். 14 டிகிரி குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் கையை வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை அதே ஒரு நிமிடம், அப்புறம் கூடுதலாக அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் மட்டும் தண்ணீரை மெல்ல 15 டிகிரிக்குக் கொண்டுவந்தார்கள். எதை மறுபடி செய்யத் தயார் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் நீண்ட சோதனையைத்தான் சொன்னார்கள்! கடைசியில் எப்படி முடிந்தது என்பதுதான் அதிகம் நினைவில் நிற்கிறது. உன் ஐந்து வாரம் அந்த அரை நிமிடம். தண்ணீர் வெந்நீராக வேண்டியதில்லை, ஒரு டிகிரி ஏறினால் போதும்.

முதலில் கணக்கு. 91 வாங்கியவளுக்குக் கணக்கு வராது என்பதை நான் நம்பவில்லை. அணி, தொகையிடல் என்று நீ படித்ததுதான் மேட்ரிக்ஸ், இன்டெக்ரேஷன் என்று இதற்குள் தெரிந்திருக்கும். இடறுவது கேள்வியின் வாசகத்தில். ‘கேனானிக்கல் ஃபார்முக்கு ரெட்யூஸ் செய்’ என்ற கேள்வியில், ‘ரெட்யூஸ்’ என்றால் எதையோ குறைக்க வேண்டும் என்று நினைத்து விட்டுவிட்டு வந்த மாணவி ஒருத்தியை எனக்குத் தெரியும். வேறு வடிவத்துக்கு மாற்று என்று தெரிந்திருந்தால் அவளே போட்டிருப்பாள். பழைய கேள்வித்தாள்களை எடுத்து, இப்படிப்பட்ட சொற்களை மட்டும் ஒரு நோட்டில் தமிழில் எழுது. வகுப்பில் எழுந்து கேட்க வேண்டாம். போட்டுப் பார்த்து நின்றுபோன இரண்டு கணக்கோடு ஆசிரியரின் அறைக்குப் போ. நோட்டை நீட்டினால் ஆங்கிலம் அதிகம் தேவைப்படாது.

ஊட்டிக்குப் போகாததற்குக் காசு காரணமா, கூச்சமா என்று நீ எழுதவில்லை. காசு என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, விட்டுவிடு. கூச்சம் என்றால் நாற்பது பேர் போகும் பஸ்ஸைவிட அறையில் இருக்கும் மூன்று பேர் சுலபம். அவர்களில் யாருக்காவது அரியர் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாயா?

அப்பா விஷயம்தான் உன்னை அதிகம் அரிக்கிறது என்று நினைக்கிறேன். பரீட்சைக்கு முந்தைய விடுமுறையில் இரண்டு நாள் ஊருக்குப் போய்ச் சொல்லிவிடு. போனில் வேண்டாம். வேலை முடிந்து வந்ததும் வேண்டாம், குளித்துச் சாப்பிட்டு உட்காரட்டும். கோபப்படலாம், ஒரு வேளை பேசாமலும் இருக்கலாம். மட்டம் தப்பிய வரிசையைப் பிரித்துக் கட்டுவது கொத்தனாருக்குப் புதிதில்லை.

தூக்கமும் சாப்பாடும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் 14416 எண்ணுக்குக் கூப்பிடு. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

உங்கள் பக்கம் இது முந்திரி சீசன்தானே? திரும்பி வரும்போது வறுத்த முந்திரி ஒரு பொட்டலம் எடுத்து வா. அறையில் பிரித்து வைத்தால் போதும், மூன்று பேரும் தானாக வந்து உட்காருவார்கள்.