வாசகர் கேள்வி–பதில்: நியூயார்க்கின் 660, விளையாட்டு மட்டுமே பேசும் வானொலி

*சென்னையிலிருந்து கொண்டுவந்த டிஜிட்டல் ரேடியோவில் இங்கே 660 கிடைக்கவே மாட்டேன் என்கிறது. 657-க்கு அடுத்து 666-க்குத் தாவிவிடுகிறது. ரேடியோ பழுதா?*
– வாசகர், எடிசன், நியூஜெர்சி

பழுது இல்லை. இந்தியாவில் ஏ.எம். நிலையங்களை 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வைத்திருக்கிறார்கள், அமெரிக்காவில் 10. உங்கள் ரேடியோ இன்னும் ஒன்பது ஒன்பதாகவே எண்ணுகிறது. 660 ஒன்பதால் வகுபடாத எண் என்பதால் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. 657-ல் வைத்தாலும் குரல் கேட்கும், ஆனால் 3 கிலோஹெர்ட்ஸ் விலகி நிற்பதால் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் சீறும்.

பின்பக்கத்திலோ பேட்டரி அறைக்குள்ளோ 9/10 என்று சிறு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ரேடியோ அணைந்திருக்கும்போது ஏதாவது ஒரு பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து மாற்றும் வசதி இருக்கலாம். எந்தப் பட்டன் என்பது கையேட்டில் இருக்கும். மாற்றியதும் பல ரேடியோக்களில் சேமித்து வைத்த நிலையங்கள் அழிந்துபோகும், முன்னதாகக் குறித்துக்கொள்ளுங்கள். முள் நகரும் பழைய ரேடியோவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஊருக்குத் திரும்பும்போது மறுபடி 9-க்கு மாற்ற மறக்காதீர்கள். சென்னையின் 720 ஒன்பதாலும் பத்தாலும் வகுபடும், அதனால் எப்படியும் கிடைக்கும். 783 போன்ற எண்கள் 780-க்கும் 790-க்கும் நடுவே மாட்டிக்கொள்ளும்.

*இருபத்து நான்கு மணி நேரமும் விளையாட்டு மட்டும் என்ற யோசனை எப்படி வந்தது? இந்த நிலையத்தின் கதையைச் சொல்லுங்கள்.*
– இதழியல் மாணவி, தஞ்சாவூர்

டபிள்யூஎஃப்ஏஎன், நியூயார்க்காரர்கள் வாயில் ‘தி ஃபேன்’, 1987 ஜூலை 1 பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கியது. அன்று அது 660-ல் இல்லை, 1050-ல் இருந்தது. அதுவரை அங்கே ‘கன்ட்ரி’ எனப்படும் அமெரிக்கப் பாடல்கள் போட்டுக்கொண்டிருந்த டபிள்யூஎச்என் நிலையத்தைத்தான் எம்மிஸ் நிறுவனம் இப்படி மாற்றியது. அதன் தலைவர் ஜெஃப் ஸ்முல்யன். முதலில் ஒலித்தது சூசின் வால்ட்மன் என்ற பெண்ணின் குரல், அதுவும் விளையாட்டுச் செய்தி வாசிப்புக்காக. விளையாட்டு வானொலி என்றாலே ஆண்குரல் என்றிருந்த காலத்தில் இது சிறிய விஷயம் அல்ல. அவர் பின்னாளில் நியூயார்க்கின் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் ஆட்டங்களை வானொலியில் விவரிக்கும் இருவரில் ஒருவரானார்.

‘நாள் முழுக்க விளையாட்டா, யார் கேட்பார்கள்’ என்பதே அன்றைய பேச்சு. அதில் நியாயமும் இருந்தது. 1981-ல் நாடு தழுவிய விளையாட்டு வானொலி வலைப்பின்னலாக வந்த எண்டர்பிரைஸ் ரேடியோ அந்த ஆண்டே மூடிக்கொண்டது. ஃபேனும் ஆரம்பத்தில் நட்டத்தில்தான் ஓடியது.

நிலையத்தைத் தூக்கி நிறுத்தியது தொகுப்பாளர்களின் வாய்ச்சாலகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் கணிப்பில் அதற்குச் சமமான பங்கு அலைவரிசைக்கு உண்டு. 1050 மெக்சிகோவின் மான்டெர்ரே நிலையத்துக்கு முன்னுரிமை உள்ள இடம். அதற்கு இடைஞ்சல் வராதபடி இரவில் அந்தத் திசையில் சிக்னலை அடக்கி வைக்க வேண்டும். பேஸ்பால் ஆட்டங்கள் பெரும்பாலும் இரவில். நிலையத்தின் பெரிய சொத்தோ மெட்ஸ் அணியின் நேரடி வர்ணனை. புறநகரில் இருக்கும் ரசிகருக்கு ஆட்ட நேரத்திலேயே சத்தம் மங்கினால் அவர் ஏன் காத்திருப்பார்?

என்பிசி தன் வானொலி நிலையங்களை விற்றபோது எம்மிஸ் 660-ஐ வாங்கியது. 1988 அக்டோபர் 7-ல் அதுவரை அங்கே ஒலித்த டபிள்யூஎன்பிசி விடைபெற்றது, ஃபேன் அந்த இடத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்தப் பழைய நிலையத்துக்கும் பெரிய பரம்பரை உண்டு. அது டபிள்யூஇஏஎஃப் என்ற பெயரில் இருந்த 1922 ஆகஸ்டில்தான் வானொலியின் முதல் கட்டண விளம்பரம் என்று பரவலாகக் கருதப்படும் ஒலிபரப்பு நடந்தது. ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில் அடுக்குமாடி வீடுகளை விற்பதற்கான பேச்சு அது.

660-ல் 50,000 வாட், இரவும் பகலும், எல்லாத் திசையிலும். கோபுரம் பிராங்க்ஸ் கரையோரத்தில் ஹை ஐலண்ட் என்ற குட்டித் தீவில் நிற்கிறது. ஏ.எம். கோபுரத்துக்கு அதைவிட நல்ல மனை அமையாது. பகலில் இந்த அலை தரையை ஒட்டியே போகிறது. மண் காய்ந்திருந்தால் வழியிலேயே சக்தியைத் தின்றுவிடும். உப்புநீர் மின்சாரத்தை மண்ணைவிடப் பல நூறு மடங்கு நன்றாகக் கடத்துவதால், லாங் ஐலண்ட் ஜலசந்தியின் மேல் போகும் அலை அதிகம் தேய்வதில்லை. எண் குறைந்தால் தேய்மானமும் குறையும். 1050-ஐவிட 660 வெகுதூரம் போவதற்கு அதுவும் காரணம். (இதே தீவிலிருந்த கோபுரத்தில் 1967 ஆகஸ்ட் 27-ல் சிறு விமானம் மோதி அது சரிந்தது. மறுநாள் செய்தி நிலையமாக மாறவிருந்த டபிள்யூசிபிஎஸ்ஸும் அதே கோபுரத்தைத்தான் நம்பியிருந்தது.)

1992-ல் இன்ஃபினிட்டி நிறுவனம் இந்த நிலையத்தை 7 கோடி டாலருக்கு வாங்கியது. பிறகு சிபிஎஸ், 2017-ல் எண்டர்காம். 2021-ல் எண்டர்காம் தன் பெயரை ஆடசி என்று மாற்றிக்கொண்டது. 2012 நவம்பரில் 101.9 எஃப்.எம்.மிலும் அதே நிகழ்ச்சிகள் சேர்ந்து ஒலிக்கத் தொடங்கின. மெட்ஸ் ஆட்டங்கள் 2013-உடன் போயின, 2014 முதல் யாங்கீஸ் வந்தது.

*ஆட்டம் இல்லாத நேரத்தை எதைக்கொண்டு நிரப்புகிறார்கள்?*
– வாசகர், கோவை

தொலைபேசியைக்கொண்டு. ஒருவர் அல்லது இருவர் உட்கார்ந்து நேற்றைய ஆட்டத்தை அலசுவார்கள், நேயர் கூப்பிட்டுச் சண்டை போடுவார். 1989 செப்டம்பரில் மைக் ஃபிரான்செஸாவும் கிறிஸ் ரூஸோவும் மாலை நேரத்தில் சேர்ந்தார்கள். ‘மைக் அண்ட் த மேட் டாக்’ என்ற அந்த நிகழ்ச்சி 2008 வரை ஓடியது. நாட்டின் பல நகரங்களில் பின்னாளில் வந்த விளையாட்டு நிலையங்களுக்கு அதுதான் முன்மாதிரி. மாலையில் அதற்கு நேரம் ஒதுக்கியதும் கணக்கோடுதான். வேலை முடிந்து காரில் மாட்டிக்கொண்டிருப்பவருக்கு ரேடியோவை விட்டால் வேறு துணை கிடையாது. காலையில் மட்டும் டபிள்யூஎன்பிசியிலிருந்து கூடவே வந்த டான் ஐமஸ். அவர் நிகழ்ச்சியில் அரசியலும் நையாண்டியும்தான் அதிகம், ஆனால் விளம்பர வருமானம் அங்கே கொட்டியது. பெண்கள் கூடைப்பந்து அணி ஒன்றைப் பற்றிய இழிவான பேச்சுக்காக 2007 ஏப்ரலில் அவர் நீக்கப்பட்டார். பூமர் எசையாசனும் கிரெய்க் கார்ட்டனும் அந்த இடத்துக்கு வந்தார்கள்.

பேச்சுக்கு நடுவே பல ஆண்டுகள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஸ்கோர் வாசிப்பு இருந்தது. மணி, மணி இருபது, மணி நாற்பது. கைப்பேசி இல்லாத காலத்தில் ஸ்கோர் தெரிய மறுநாள் செய்தித்தாள் வரை காத்திருந்தவர்களுக்கு இந்த ஒழுங்கு பெரிய வரம். தொகுப்பாளரைப் பிடிக்காதவரும் அந்த நிமிடத்துக்கு 660-க்கு வருவார், வந்தவர் சற்று நேரம் நிற்பார்.

நேயர் குரல் நேராக ஒலிபரப்பாவதில்லை. முதலில் உதவியாளர் ஒருவர் எடுத்துப் பெயர், ஊர், பேசப்போகும் விஷயம் கேட்டுத் திரையில் போடுவார். பிறகு எல்லாப் பேச்சும் சில விநாடி தாமதக் கருவி வழியாகப் போகும். கெட்ட வார்த்தை வந்தால் ஒரு பட்டன், அந்த விநாடிகள் மட்டும் காணாமல் போகும். தாமதத்துக்காகச் சேர்த்து வைத்த விநாடிகள் காலியான பிறகு, பேச்சின் நடுவே வரும் இடைவெளிகளைக் காதுக்குத் தெரியாதபடி சற்றே இழுத்து இழுத்துக் கருவி மறுபடி தாமதத்தைச் சேர்த்துக்கொள்ளும். ‘ரேடியோவை அணையுங்கள்’ என்று நேயரிடம் கத்துவதும் இதனால்தான். தன் குரலையே பல விநாடி கழித்துக் கேட்பவருக்கு நாக்கு குழறும், அடுத்த வாக்கியம் வராது.

*ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன். பகலில் மெலிதாகக் கேட்கிறது, இரவில் ஏறி இறங்குகிறது. என்ன செய்யலாம்?*
– வாசகர், பென்சில்வேனியா

இரண்டும் வேறு வேறு நோய். பகல் மெலிவுக்கு மருந்து உண்டு.

முதலில் வீட்டு இரைச்சல். ரேடியோவைப் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணையுங்கள். கரகரப்பு நின்றால் குற்றவாளி உள்ளேதான். எல்இடி விளக்கு, போன் சார்ஜர் இரண்டையும் முதலில் சந்தேகியுங்கள். அடுத்து, ரேடியோவை மெதுவாகச் சுழற்றுங்கள். உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பியின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்க்கும்போது சத்தம் அதிகம், முனை பார்க்கும்போது குறைவு.

அதுவும் போதவில்லை என்றால் ஒரு வளைய ஆன்டெனா சுற்றுங்கள். பக்கம் 45 சென்டிமீட்டர் உள்ள சதுரமான அட்டைப்பெட்டி அல்லது மரச்சட்டம், உறை போட்ட மெல்லிய வயர் 32 மீட்டர், 365 பிகோஃபாரட் கேங் கண்டென்சர் (திருகித் திருப்பி மதிப்பை மாற்றும் மின்தேக்கி) ஒன்று. 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு 17 சுற்று. இரு நுனிகளையும் கேங்கின் இரு முனைகளில் பற்றவையுங்கள். மின்சாரமும் வேண்டாம், ரேடியோவோடு வயர் இணைப்பும் வேண்டாம். ரேடியோவின் கம்பி, வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி பக்கத்தில் வையுங்கள். வளையத்தின் விளிம்பு நியூயார்க்கைப் பார்க்கட்டும். ரேடியோவை 660-ல் வைத்துக் கேங்கைத் திருப்பினால், ஒரு மயிரிழை இடத்தில் சத்தம் திடீரென்று பொங்கும். எவ்வளவு திருப்பியும் பொங்கவில்லை என்றால் கேங்கின் மதிப்பு குறைவாக இருக்கும், 660 வரை இறங்க முடியவில்லை. அதன் இரு முனைகளுக்குக் குறுக்கே 100 பிகோஃபாரட் கண்டென்சர் ஒன்று சேருங்கள்.

இரவு ஏற்ற இறக்கத்தை எந்த ஆன்டெனாவும் முழுசாகத் தீர்க்காது. சூரியன் மறைந்ததும் பகலில் அலையை விழுங்கும் அயனி அடுக்கு மறைகிறது, அலை மேலே போய்ப் பட்டுத் திரும்பி வருகிறது. உங்கள் தூரத்தில் தரை வழியாக வருவதும் வான் வழியாக வருவதும் ஏறக்குறைய சம பலம். ஒரு கணம் கூடும், மறு கணம் ஒன்றையொன்று அழிக்கும். வேடிக்கை என்னவென்றால் 500 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு வான் அலை மட்டுமே வருவதால் பல இரவுகளில் உங்களைவிட நன்றாகக் கேட்கும். இரவில் இணையத்துக்குப் போய்விடுங்கள்.

*சென்னையில் இணையம் வழியாகக் கேட்கிறேன். பேச்செல்லாம் வருகிறது, ஆட்டம் தொடங்கினால் வேறு நிகழ்ச்சி ஓடுகிறது. ஏன்?*
– வாசகி, மயிலாப்பூர்

நிலையத்துக்கு ஆட்டத்தை அதன் வட்டாரத்தில் ஒலிபரப்பத்தான் உரிமை. இணைய உரிமையைப் பேஸ்பால் லீக் தனியாக வைத்திருக்கிறது, வெளியூர் நேயர் லீக்கின் செயலியில் கட்டணம் கட்டிக் கேட்க வேண்டும். அங்கே கோடையில் இரவு 7.05-க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு விடிகாலை 4.35. நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பேஸ்பால் பருவம் பெரும்பாலும் அதற்கு வெளியேதான் என்றாலும், அமெரிக்கக் கால்பந்துப் பேச்சு சூடாக இருப்பது அந்த மாதங்களில்தான்.