மருந்தை மாற்றுமுன் ஆட்டின் கண்ணைப் பாருங்கள்

கேள்வி: 35 வெள்ளாடுகள் வைத்திருக்கிறேன். மாதம் தவறாமல் எல்லாவற்றுக்கும் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து கொடுக்கிறேன். ஆனாலும் ஐப்பசி மழைக்குப் பிறகு நாலைந்து ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்குகிறது. கழிச்சல் இல்லை. கடைக்காரர் ஃபென்பெண்டசோலுக்கு மாறச் சொல்கிறார். மாறலாமா?

பதில்: மாறிப் பயனில்லை. இரண்டும் ஒரே வகை மருந்து; ஒன்றுக்குத் தப்பிய புழு மற்றதுக்கும் தப்பும். பெயர் மாற்றி பாட்டில் விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார்.

வீக்கம் சாயங்காலம் மேய்ந்து திரும்பும்போது பைபோலத் தொங்கி, காலையில் வற்றுகிறதா? புழுக்கையும் கெட்டியாக விழுந்தால் பெரும்பாலும் இரத்தம் உறிஞ்சும் இரைப்பைப் புழுதான். வயலோர மேய்ச்சலானால் தட்டைப்புழுவாகவும் இருக்கலாம். புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் காட்டிவிடுங்கள்.

எந்த மருந்து என்று கேட்கிறீர்கள். எந்த ஆடு என்றல்லவா கேட்க வேண்டும்? ஒரே கொட்டகை, ஒரே மேய்ச்சல், மீதி முப்பதுக்கு ஏன் வரவில்லை? மந்தையில் கால்வாசி ஆடுகளின் வயிற்றில்தான் முக்கால்வாசிப் புழு இருக்கும்: பிறவியிலேயே எதிர்ப்பு குறைந்தவை, குட்டிகள், புதிதாக ஈன்றவை. இரத்தத்தோடு புரதமும் போக, எதிர்ப்பு இன்னும் குறைந்து புழு இன்னும் ஏறும். ஒரு பெண்புழு நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் போடும். உங்கள் மேய்ச்சல் நிலத்தைக் கெடுப்பவை அந்த நாலைந்துதான்.

எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் ஊற்றினால் மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சிப் பெருகும். தெம்பான ஆடுகளை மருந்து கொடுக்காமல் விட்டுவிடுங்கள். அவற்றிலுள்ள மருந்து படாத புழுக்களின் வாரிசுகள் நிலத்தில் கலந்தால்தான் மருந்து நாளைக்கும் வேலை செய்யும்.

மழைக்காலத்தில் 15 நாளுக்கொருமுறை, நல்ல வெளிச்சத்தில், மேல் இமையை விழிமேல் மெல்ல அழுத்திக் கீழ் இமையை இறக்குங்கள். உள்சவ்வு பிதுங்கித் தெரியும்; புழு இரத்தத்தை உறிஞ்சியிருந்தால் அது வெளுக்கும். தென்னாப்பிரிக்காவில் உருவான முறை இது. சிவப்பென்றால் மருந்து வேண்டாம். வெளுத்திருந்தால் உடனே கொடுங்கள். இளஞ்சிவப்பென்றால் குட்டிக்கும் சினைக்கும் மட்டும்.

அளவிலும் தவறு நடக்கிறது. செம்மறிக்கான அளவு வெள்ளாட்டுக்குப் போதாது. அல்பெண்டசோல் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வேண்டும்: 2.5 சத மருந்தானால் 20 கிலோ ஆட்டுக்கு 8 மில்லி. பலர் 4 மில்லியோடு நிறுத்துகிறார்கள். சினையின் முதல் மாதத்தில் இது கூடாது. கொடுத்த 14ஆம் நாள் புழுக்கையிலுள்ள புழுமுட்டை எண்ணிக்கை, கொடுக்குமுன் இருந்ததைவிட 95 சதம் குறையாவிட்டால் இந்த வகையே உங்கள் மந்தையில் தோற்றுவிட்டது. பிறகு வேறு வகையான லெவாமிசோலை, மருத்துவர் சொல்லும் அளவில், தராசில் எடை போட்டே கொடுங்கள், கூடினால் ஆபத்து.

வீங்கிய ஆடுகளுக்குத் தினம் 100 கிராம் கடலைப்பிண்ணாக்கு வையுங்கள். மருந்து தேவைப்பட்ட ஆட்டின் கழுத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு கயிறு கட்டுங்கள். ஒரே மழைக்காலத்தில் மூன்று கயிறு ஏறிய ஆட்டை மந்தையிலிருந்து கழித்துவிடுங்கள். அதன் கிடாக்குட்டி எவ்வளவு வாட்டசாட்டமாக இருந்தாலும் பொலிக்கு விடாதீர்கள். கயிறே ஏறாத தாயின் குட்டியைப் பொலிக்கு நிறுத்துங்கள்.